படுத்த மடிப்பு

— பிரிக்காதீங்க. பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— யாரும்மா சொன்னது?

— என் நாத்தனார். வீட்டுக்காரரோட அக்கா. ஆர்டர் போட்டது அவங்க, திருப்பி அனுப்பறதும் அவங்க. இங்க வந்திருந்தப்போ ஒட்டி வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. டேப்பைத் தொடாம அப்படியே கூரியர்காரன் கையில குடுத்துடுன்னு காலையில இருந்து ஃபோன் மேல ஃபோன்.

— அவங்க சொல்லலாம்மா. என் கம்பெனி சொல்லலையே. ரிட்டர்ன் எடுக்கற சாமானை வாசல்லயே பிரிச்சு, உங்க கண்ணு முன்னாடி பாத்து, போட்டோ பிடிச்சு, அப்புறம்தான் பையில போடணும். இல்லேன்னா குடோன்ல என்னைப் பிரிச்சு மேஞ்சுடுவாங்க.

— இவ்வளவு பேசறீங்களே, கொண்டு வந்து குடுக்கற ஆளு பெல்லை அடிச்சுட்டு வாசல்ல போட்டுட்டு ஓடறாரு. திரும்பிப் பாக்கறதுகூட இல்ல. அவருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?

— அவன் புதுசைத் தூக்கறவன், ஓடுவான். நான் ஊர்க்காரங்க கழிச்சுப் போட்டதைத் தூக்கறவன். எனக்கென்னம்மா ஓட்டம். கத்திரிக்கோல் இருந்தாக் குடுங்க, இல்லேன்னா வண்டிச் சாவியாலயே கீறிக்கறேன்.

— கீறாதீங்க அண்ணே. இதைத் திருப்பி அனுப்பற தேதி இன்னையோட முடியுதாம். இன்னைக்கு இது போகலைன்னா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க.

— அது போகணும்னுதான் நானும் இத்தனை படி ஏறி வந்திருக்கேன். லிஃப்ட் ஓடல. படி திரும்பற இடத்துல எவனோ ஒரு மெத்தையைச் சாத்தி வெச்சிருக்கான். அதை ஒட்டி உரசிக்கிட்டுத்தான் வர வேண்டியிருந்துச்சு. என்ன நாத்தம். நாலு குடும்பம் நடமாடற இடமாச்சேன்னு ஒரு இது வேண்டாமா.

— எங்களோடதுதான். என் மாமியார் படுத்திருந்தது. குப்பை வண்டிக்காரங்க, இது பெருசு, தனியா வந்துதான் எடுப்போம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

— அடடா. இறந்துட்டாங்களா?

— போன வாரம்.

— மனசுல வெச்சுக்காதீங்கம்மா. தெரியாமப் பேசிட்டேன்.

— நீங்க சொன்னதுல தப்பு என்ன இருக்கு. நாத்தம்தான். எழுந்திரிக்காம வருஷக்கணக்கா கிடந்தவங்க. அந்த நாத்தத்துலதான் நாங்க சோறு தின்னோம், என் பிள்ளைங்க பாடம் படிச்சுதுங்க. இப்பக்கூட பாருங்க, ஜன்னலைத் திறந்து போட்டு, ரெண்டு தடவை தரையைக் கழுவியாச்சு. போகலை.

— யாரு பாத்துக்கிட்டது?

— நானும் என் வீட்டுக்காரரும்தான். நான் துடைப்பேன், மாத்துவேன். தூக்கறது, திருப்பிப் படுக்க வெக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் அவரு. பெத்த அம்மாவுக்கு என்ன வெக்கம்னு சொல்லுவாரு. அந்த மாதிரி ஆம்பளையை நான் பாத்ததில்ல.

— பொண்ணு வரலையா?

— அவங்க வெளியூரு. பெரிய வேலை. ஃபோன்ல வீடியோ போட்டு அம்மா முகத்தைக் காட்டுன்னு சொல்லுவாங்க. காட்டுவேன். ஐயோ பாவம்னுட்டு வெச்சிடுவாங்க.

— எல்லா வீட்லயும் ஒரு வீடியோ பிள்ளை இருக்கு. சரிம்மா, பிரிக்கட்டுமா? எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி.

— அண்ணே, ஒளிக்காமச் சொல்லிடறேன். இந்த வீடு மாமியார் பேர்ல இருக்கு. அதுல பாதி நாத்தனாருக்கு, கேட்டாங்கன்னா வீட்டை வித்துத்தான் குடுக்கணும். அந்தப் பாதியைத் தம்பிக்கே விட்டுக் குடுத்துடறேன், வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அவங்க நில்லுன்னா நான் நிக்கணும். இதுக்கு முன்னாடி நாங்க குடியிருந்த இடத்தை நீங்க பாக்கணும். ஒரே ரூம். மழை வந்தா பிள்ளைங்களை சுவத்தோரமா நகத்தி நகத்திப் படுக்க வெப்பேன். மறுபடி அங்க போக என்னால முடியாது. அதான் உங்ககிட்ட இப்படிக் கெஞ்சறேன்.

— உங்க கஷ்டம் உங்களுக்கு, என் கஷ்டம் எனக்கு. போன மாசம் ஒரு வீட்ல இப்படித்தான் நடந்துச்சு. பெரிய வீடு. வாசல்ல பூந்தொட்டி, உள்ள பியானோ மாதிரி ஏதோ. பரிசு கொடுக்கறதுக்குக் கட்டினது, அழகா இருக்கு, கலைக்காதீங்கன்னு அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நானும் மரியாதையா எடுத்துட்டுப் போனேன். குடோன்ல பிரிச்சா உள்ள குழந்தைக்கு மாட்டி அவுத்த டயப்பர். ஒவ்வொண்ணையும் சுருட்டி, ஒட்டி, வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. பத்து மாட்டிப் பாத்துட்டு, பிடிக்கலைன்னு திருப்பறாங்களாம். மேஜைகிட்ட நின்ன பொண்ணு அங்கயே வாந்தி எடுத்துடுச்சு. சூப்பர்வைசர் என்னைப் பாத்துக் கேக்கறான், உன் மூஞ்சியில மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையாய்யான்னு.

— கருமம்.

— கருமம்தான். அன்னையில இருந்து என் பேர்ல ஒரு கண்ணு வெச்சிருக்காங்க. இன்னொரு தடவை இந்த மாதிரி எதையாவது தூக்கிட்டுப் போனேன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க.

— இது துணிதாண்ணே. அவங்களுக்கு எடுத்தாங்களாம், அளவு சரியில்லையாம். துணியில என்ன இருக்கப் போகுது.

— துணிதாம்மா மோசம். ஷூ வரும், அடியில சேறு இருக்கும், தட்டிட்டுக் குடுத்திருப்பாங்க. அதைப் பாத்தாத் தெரியும். உள்பாடி வரும், ஜட்டி வரும். பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க, கூச்சமே இல்லாம நீட்டுவாங்க. பாக்கவும் முடியாது, பாக்காமலும் முடியாது. நான் வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி வாசல்லயே சட்டையைக் கழட்ட வெக்கறா. குளிக்காம தட்டுல கை வெக்க விட மாட்டா.

— சரி, பிரிங்க. திரும்ப அதே மாதிரி ஒட்டிடுவீங்கல்ல?

— என்கிட்டயே டேப் இருக்கு. ஒட்டின தடமே தெரியாது. இந்தப் பக்கத்தைப் பிடிங்க. ம். இன்னொரு கவர் இருக்கு உள்ள. ஆமா, அளவு சரியில்லைன்னா சொன்னாங்க?

— ஆமா.

— இது சேலைம்மா. பட்டுச்சேலை. சேலைக்கு ஏதும்மா அளவு?

— சேலையா? அப்போ கலர் பிடிக்கலையோ என்னவோ. ஏதோ சொன்னாங்க, நான் சரியாக் கேக்கல.

— இருங்க. இருங்க. திறந்ததும் சென்ட் தூக்குது பாருங்க. பாட்டிலைக் கவுத்திருக்காங்க. இந்த அளவுக்கு சென்ட் அடிச்சாலே அடியில வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

— ஏண்ணே, அதுக்காக மூஞ்சியை உள்ள விட்டு மோப்பம் பிடிக்கறீங்களே. பாக்கவே அருவருப்பா இருக்கு.

— எனக்கு மட்டும் ஆசையாம்மா? இதான் வேலை. குடோன்ல எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடமே இதுதான். பாக்காதே, மோந்து பாருன்னு. ம். சென்டுக்கு அடியில மாலை வாசம். வாடின பூ. அதுக்கும் அடியில ஒண்ணு. மருந்தா, ஆஸ்பத்திரியா, என்னன்னு பிடிபடலை. ஈரத்தோட மடிச்சு வெச்ச மாதிரி ஒரு மக்கல் வாடை.

— டேக் அப்படியேதானே தொங்குது. கட்டியிருந்தா டேக் இருக்குமா?

— ஐயோ, டேக்கை அறுத்துட்டா யாரும்மா திருப்பி அனுப்புவாங்க. அதை உள்பக்கமா சொருகிக்கிட்டுத்தான் கட்டுவாங்க. ஒரு விசேஷத்துக்குக் கட்டி, நாலு போட்டோ எடுத்துட்டு, மறுநாள் பிடிக்கலைன்னு பட்டனை அமுக்குவாங்க. இங்க தோள் பக்கம் பாருங்க. ஊக்கு குத்தின ஓட்டை, ரெண்டு இடத்துல. இது கட்டின சேலை. நான் எடுக்க முடியாது.

— நான் கட்டினேன்னு சொல்றீங்களா?

— நான் அப்படியா சொன்னேன்?

— இந்தப் படியில இறங்கி மாவு மில்லுக்கும் ஸ்கூலுக்கும் போறதைத் தவிர நான் எங்கயும் போறதில்ல. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எந்தச் சபையில போய் உக்காரப் போறேன். வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க.

— கோவப்படாதீங்கம்மா. யாரோ கட்டியிருக்காங்கன்னுதான் சொல்றேன். ஆனா எனக்கே ஒண்ணு புரியல. கட்டினவங்களுக்கு வேர்க்கவே இல்ல.

— அப்படின்னா?

— பட்டு உடம்புல ஏறினா வேர்க்கும். இடுப்புச் சொருகல்ல, கழுத்துப் பக்கத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். நான் தினம் பாக்கறது. இதுல பொட்டு உப்பு இல்ல. கீழ் ஓரத்தைப் பாருங்க, தூசி இல்ல, செருப்பு மிதிச்ச தடம் இல்ல. கட்டிக்கிட்டு நடக்கவே இல்ல போல. நாற்காலியில உக்காந்து எழுந்தா முழங்கால் பக்கம் கோடு கோடா விழும். அதுவும் இல்ல. முதுகுப் பக்கம் மட்டும் தட்டையா, அமுங்கி, இஸ்திரிப் பெட்டி வெச்ச மாதிரி கசங்கியிருக்கு. இது உக்காந்த மடிப்பு இல்லம்மா, படுத்த மடிப்பு. பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு யாரும்மா படுப்பாங்க?

— என்ன கலர் அது? இங்க இருட்டா இருக்கு. ஜன்னல் பக்கம் கொண்டு வாங்க.

— அரக்கு. பச்சைக் கரை.

— முந்தானையைப் பிரிங்க.

— ஏம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச சேலையா?

— பிரிங்கண்ணே.

— இந்தாங்க. சரிதான், கறை வேற. உள்பக்கமா மடக்கி வெச்சிருக்கு. பழுப்பா, காஞ்சு மொடமொடன்னு. குழம்பு இல்ல, காபி இல்ல. என்னன்னு மோந்து பாத்தா—

— மோக்காதீங்க. கையை எடுங்க.

— ஏன், என்ன?

— அது அத்தை வாயில இருந்து வந்தது. சுடுகாட்டுக்குக் கொண்டு போற பெட்டியில வெச்சதுக்கப்புறம் ஓரமா ஒழுக ஆரம்பிச்சுது. சொந்தக்காரங்க சுத்தி நிக்கறாங்க. என் கையில துணி ஒண்ணும் இல்ல. அவங்க முந்தானையாலயே துடைச்சு, வெளிய தெரியாம நான்தான் மடக்கி விட்டேன்.

— என்னம்மா சொல்றீங்க?

— இது அத்தை உடம்புல இருந்த சேலை.

— உடம்புல இருந்த சேலைன்னா, அது உடம்போடதானே எரியணும்?

— எரிஞ்சுதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

— அட பாவிங்களா. இதுக்குள்ள மூஞ்சியை விட்டு இழுத்து இழுத்து மோந்தேனேம்மா. தண்ணி குடுங்க. குடிக்க இல்ல, கழுவ. அந்த சோப்பையும் குடுங்க.

— இங்க வாங்க, இந்தக் குழாய்ல கழுவுங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?

— ஊத்துங்க. ஊத்துங்க. டயப்பரைத் தூக்கினப்பக்கூட இப்படி இருந்ததில்ல. போதும். துண்டு வேண்டாம், காஞ்சுக்கும்.

— இந்தச் சேலைக்காக அன்னைக்கு என்னை என்ன பேச்சு பேசினாங்க தெரியுமா. அத்தைக்கு ஒரு பழைய பருத்திச் சேலை, துவைச்சுத் துவைச்சு பஞ்சு மாதிரி ஆனது. அதைத்தான் கட்டி விடறதுக்கு எடுத்து வெச்சிருந்தேன். அண்ணி, அதான் என் நாத்தனார், ரயில்ல வரும்போதே ஃபோன்ல இதை அன்னைக்கே வந்து சேர்ற மாதிரி ஆர்டர் போட்டுட்டாங்க. அவங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி சேலை வந்து இறங்கிடுச்சு. வந்ததும் நான் வெச்சிருந்ததைப் பிடுங்கி மூலையில வீசினாங்க. எங்கம்மாவைக் கந்தல் சுத்தி அனுப்பப் பாத்தியான்னு, அத்தனை பேர் முன்னாடி. எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. ஒரு கிழவி சொல்லுது, பெத்த பொண்ணு பெத்த பொண்ணுதான், வந்தவ வந்தவதான்னு.

— இப்ப என்னம்மா செய்யப் போறீங்க?

— எனக்குத் தெரியல. நீங்க இதை எடுத்துக்கிட்டா என்ன ஆகும், எடுக்கலைன்னா என்ன ஆகும்?

— எடுக்கறதா இருந்தா ஓடிபி வேணும். ஆர்டர் போட்டவங்க ஃபோனுக்குத்தான் அது வந்திருக்கும். எடுக்கலைன்னாலும் என்ன காரணம்னு அவங்களுக்கு மெசேஜ் போயிடும். எப்படியும் அவங்ககிட்ட பேசித்தான் ஆகணும். ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் இருக்கேன்.

— ஹலோ அண்ணி.

— சொல்லு தங்கம். ஆளு வந்துட்டானா? ஓடிபி வந்திருக்கு, சொல்றேன் எழுதிக்கோ.

— அண்ணி, பார்சலைப் பிரிச்சாச்சு.

— யாரு பிரிச்சது? நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— கூரியர்காரரு. பிரிச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்களாம்.

— அதென்ன புதுசா. நான் செருப்பு திருப்பினப்போ அவன் பாட்டுக்கு வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போனான். சரி, பிரிச்சாப் பிரிச்சுட்டுப் போறான். உள்ள என்ன பாம்பா இருக்கு. டேக் இருக்குன்னு காட்டு, எடுத்துப்பான்.

— அத்தை கட்டியிருந்த சேலை அண்ணி இது.

— என்ன உளர்றே. அதே மாதிரி இன்னொண்ணு எனக்கும் போட்டேன். பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

— முந்தானையில கறை இருக்கு. நான் துடைச்ச கறை.

— ஸ்பீக்கர்லயா இருக்கு ஃபோன்?

— ஆமா.

— ஸ்பீக்கரை அணை.

— கை ஈரமா இருக்கு அண்ணி. அமுக்கினா கேக்க மாட்டேங்குது.

— பக்கத்துல அவன் நிக்கறானா?

— நிக்கறேன் மேடம். இப்பதான் மூஞ்சி கழுவினேன்.

— இந்தாப்பா, நீ உன் வேலையைப் பாரு. சேலையில ஒரு சின்னக் கறை, அவ்வளவுதானே. துணின்னா கறை படாதா? கடையில இருந்து வரும்போதே இருந்துச்சுன்னு போட்டுக்கோ. உனக்கு என் தங்கம் ஏதாவது குடுப்பா. காபிச் செலவுக்கு வெச்சுக்கோ.

— செத்தவங்க உடம்புல இருந்து உருவினதைத் தூக்கிட்டுப் போறதுக்குக் காபியா மேடம். குடிச்சா உள்ள நிக்குமா?

— வாயை அளந்து பேசு. உன் மேல கம்ப்ளெயின்ட் போட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது.

— போடுங்க. என்னன்னு போடுவீங்க? எங்கம்மா சேலையை எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டான்னா?

— தங்கம், இவன்கிட்ட எனக்கு என்ன பேச்சு. நீ கேளு. நான் சொல்றதைக் கொஞ்சம் நிதானமாக் கேளு. நீயே வீட்டுச் செலவை இழுத்துப் பிடிச்சு நடத்தறவ, உனக்குப் புரியும். அத்தனை விலை குடுத்து வாங்கினது. எரிச்சா ஒரு பிடி சாம்பல். யாருக்கு என்ன லாபம்? பாக்க வேண்டியவங்க எல்லாம் பாத்தாச்சு. அம்மா லட்சணமா இருந்தாங்களா இல்லையா? ஊரே சொல்லுச்சா இல்லையா? அதுக்கப்புறம் பெட்டியை மூடி, மூடினபடியே எரிக்கக் கொண்டு போயாச்சு. மூடின பெட்டிக்குள்ள சேலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அம்மா வந்து கேக்கப் போறாங்களா?

— அப்போ அத்தை எதைக் கட்டிக்கிட்டுப் போனாங்க?

— அதெல்லாம் இப்ப எதுக்கு.

— எதைக் கட்டிக்கிட்டுப் போனாங்க அண்ணி?

— சும்மா விட்டுடுவோமா. ஒரு போர்வை சுத்தியிருந்துச்சு.

— எந்தப் போர்வை?

— ஏதோ கைக்குக் கிடைச்சது. குளியலறை வாசல்ல ஒரு கூடை இருந்துச்சே, அதுல கிடந்தது.

— அது துவைக்கறதுக்குப் போட்டிருந்த கூடை அண்ணி. அத்தை கடைசியா அதுலதான் எல்லாம் போயிருந்தாங்க. நான் அதை அலசக்கூட இல்ல.

— எனக்கு என்ன தெரியும். நீ நேரத்துக்குத் துவைச்சு வெச்சிருந்தா நல்லதா ஒண்ணு கிடைச்சிருக்கும்.

— சுத்தமான உடம்பு அண்ணி அது. அன்னைக்கு விடிகாலையில அவரு தூக்கிப் பிடிச்சுக்க, தலையில இருந்து கால் வரைக்கும் நான் குளிப்பாட்டி விட்ட உடம்பு. அதுல போய் அவங்க மலத்தையே சுத்தி அனுப்பியிருக்கீங்க.

— ரொம்பப் பேசாதே. நாடகம் போடற நேரமா இது? தேதி இன்னையோட முடியுது. அவன் எடுத்தா சரி. எடுக்கலைன்னா வெள்ளிக்கிழமை நான் எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்னு யோசிக்க வேண்டியிருக்கும். எனக்கும் ஒரு வீடு, குடும்பம் இருக்கு. சும்மா விட்டுக் குடுக்கறதுக்கு நான் என்ன பைத்தியமா. நீ அவன்கிட்ட பேசு. நான் லைன்லயே இருக்கேன்.

— அண்ணே.

— என்னம்மா?

— கறையைப் பாக்கலைன்னு எடுத்துக்கிட்டுப் போயிட முடியாதா?

— நீங்களாம்மா இதைக் கேக்கறீங்க?

— நான் ஈரத் துணியால துடைச்சுத் தரேன். இஸ்திரி போட்டுத் தரேன். அஞ்சு நிமிஷம் உக்காருங்க. என் பிள்ளைங்களை அந்த ரூமுக்குத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போக முடியாதுண்ணே. எனக்கு வெள்ளிக்கிழமை வேணும்.

— எடுத்துக்கிட்டுப் போறேன்னே வெச்சுக்கோங்க. குடோன்ல கண்டுபிடிச்சாங்கன்னா என் வேலை போகும். கண்டுபிடிக்கலைன்னா அதைவிடக் கேவலம். புதுக் கவர்ல போட்டு அனுப்பிடுவாங்க. எங்கயோ ஒரு பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஆசை ஆசையா வாங்கும். இந்த முந்தானையாலதான் முகத்தைத் துடைச்சுக்கும். அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாத்துட்டு, எடுத்துட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எடுத்துக்கறேன். என் வேலை போனாப் போகட்டும்.

— தங்கம், என்ன சொல்றான்? இன்னும் என்ன பேச்சு?

— நீங்க சொல்லுங்கம்மா. பை திறந்துதான் இருக்கு.

— வேண்டாம். போடாதீங்க. குடுங்க அதை என்கிட்ட.

— என்ன வேண்டாம்? யாருக்கு வேண்டாம்?

— அண்ணி, இது போகாது. ஓடிபி எல்லாம் வேண்டாம். அவரு காரணத்தைப் போட்டுட்டுப் போகட்டும்.

— யோசிச்சுத்தான் பேசறியா?

— யோசிச்சாச்சு. இவ்வளவு நாளா உங்களுக்கு பயந்து பயந்து குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வீசின வார்த்தையை எல்லாம் பொறுக்கி எடுத்து வெச்சுக்கிட்டு, சரி அண்ணி, சரி அண்ணின்னேன். இந்தச் சேலையை என் கையாலயே இஸ்திரி போடறேன்னு இப்ப ஒருத்தர்கிட்ட சொன்னேன் பாருங்க, அதை நினைச்சா என் மேலயே எனக்குக் குமட்டுது. போதும். கையெழுத்துப் போட வேண்டாம். வர வேண்டாம்.

— அப்போ தெருவுல நிப்பீங்களா?

— நிக்கறோம். ஒழுகற ரூம்தானே, போய்க் கிடக்கறோம். அங்க யாரும் பொணத்து மேல இருந்து துணியை உருவ மாட்டாங்க.

— உன் வாயைக் கேட்டு என் தம்பி வீட்டை விட்டுடுவான்னு நினைக்கறியா?

— அவரை உங்களுக்குத் தெரியாது அண்ணி. ஃபோன்ல பாத்தவங்க நீங்க. நான் கூட இருந்தவ. நடுராத்திரி அம்மா முனகினா நான் எழுந்திரிக்கறதுக்குள்ள அவரு போய் நிப்பாரு. வாயில வெச்சதைத் துப்பினா கையில ஏந்துவாரு. இந்த உலகத்துல ஒரு மனுஷன் மேல எனக்கு நம்பிக்கை இருக்குன்னா அது அவரு மேலதான். சாயங்காலம் வரட்டும். இந்தச் சேலையை அவரு முன்னாடி விரிச்சு வெக்கறேன். உங்கக்கா என்ன செஞ்சாங்க பாருங்கன்னு காட்டறேன். அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்கறாரா, உங்க கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கறாரான்னு பாக்கலாம்.

— விரிச்சு வை தங்கம். தாராளமா விரிச்சு வை. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி அம்மாகூட ரெண்டு நிமிஷம் தனியா இருக்கணும்னு அழுது, நம்ம எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினது உன் புருஷன்தான்.